கம்பி வெட்டியவனின் தாய்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதவேண்டியதை நான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் முன் சீற்றிலிருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"களவெடுத்தது என்ரை பெடியன்தான். ஆனா தண்டனைதான் பிழையாம், அதுக்குத்தான் அப்பீல்."

அந்தப் பெண் சிரித்தார். "செய்தவனெண்டால் பிறகென்னத்துக்கக்கா அப்பீல்?"

"மின்சாரக் கம்பி வெட்டினவன். அரச சொத்தெண்டால் நீதவான் விரும்பினாலும் தண்டனையைக் குறைச்சுக் குடுக்க ஏலாதாம். அப்பிடி நீதவான்ரை கையைக் கட்டிற சட்டம் அரசியலமைப்புக்கு மாறெண்டு லோயர் நாளைக்குக் கொழும்பிலை கதைக்கப்போறார்."

"அரசியலமைப்பு எங்களுக்கு எப்பவக்கா சோறு போட்டது?"

"இப்ப ஒருக்காப் போடட்டுமன்."

"வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தி வைச்சனீங்களோ, விடுதலைக்கு?"

அம்மா தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டார்.

"செய்தவனுக்கு விடுதலை கேக்க வாய் வரேல்லை, பிள்ளை. அவன்ரை முகத்தைப் பாத்து நீதவான் யோசிச்சுத் தீர்ப்புச் சொல்லட்டும் எண்டுதான் பொங்கல் நேந்தனான்."

"அப்ப அம்மனும் லோயரும் ஒரே வழக்குத்தான் பேசுகினம்."

"ஓம். அம்மன் காசு கேக்கேல்லை."

மறுநாள் மாலை நான் திரும்பிய பஸ்ஸில் அவரும் ஏறினார். வழக்கைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், மகன் இன்னும் மறியற்சாலையில்தான் இருக்கிறான் என்று கண்டக்டரிடம் சொன்னார்.