உலைக்குப் பக்கத்தில் தாய்மாமன்

ஞாயிறு காலை ஒன்பது ஐந்து. திண்டிவனத்துக்கு வெளியே ஓர் உலோகப் பட்டறை. எரியும் உலைக்குப் பக்கத்தில் வல்லரசு.

அலோ... ஆமாக்கா, நான்தான்... தெரியுதுக்கா, பத்தரைக்குள்ள பாப்பாவுக்குக் காது குத்தணும்... இல்ல, இன்னும் கெளம்பல.

எனக்குப் பதிலா உலையாண்ட நிக்கறேன்னு கூட வேலை செய்யற ஆரோக்கியராஜ் சொன்னான்... இன்னிக்குக் குருத்தோலை ஞாயிறாம். ஒத்துக்கும்போது அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல... ஓலையத் தூக்கிக்கினு ஊர்வலம் போறான். போன் ஆஃப்.

யாரு, மாமாவா? குடு... சொல்லுங்க மாமா... ஆமா, வடிகட்டிதான்... டீ வடிகட்டி இல்ல மாமா, கம்பெனிங்களுக்கு. ஸ்டீல் பவுடர அச்சுல கொட்டி, குலுக்கி, உள்ள வச்சிருக்கு... பொரி உருண்டை மாதிரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும், நடுவுல சந்து இருக்கணும். முழுசா உருகிச்சின்னா சந்து அடைச்சிக்கும்... போனா போவட்டும்தான். நான் சரக்குக்காக நிக்கல.

உள்ள ஹைட்ரஜன் போய்க்கினு இருக்குது மாமா. வெளிய வர்றது குழாய் வாயில எரிஞ்சிக்கினே இருக்கணும். அணைஞ்சா ஜல்தியா நைட்ரஜனத் தொறக்கணும்... ஆஃப் பண்ணாலும் ஆற சாயங்காலம் ஆவும். நடுவுல காத்து பூந்தா ஷெட்டே எகிறிடும்... பக்கத்து ஷெட்டுல பொம்பளைங்க வேலை செய்யறாங்க... சிரிக்காதீங்க மாமா. அக்காகிட்ட குடுங்க.

அழுவாதக்கா... மொட்டை அடிச்சாச்சா? சந்தனம்?... சரி, சரி.

என்னாது, நடராசனா? அவன யாரு கூப்ட்டா?... பெரியப்பா புள்ளன்னா? அம்மா சாவுக்கே எட்டிப் பாக்காதவன்... சீர்த்தட்டோட வந்துட்டா ஆச்சா?... ஆமா, ஆமா, அவனும் தாய்மாமன் மொறைதான்... இல்லன்னா சொன்னேன்?

ஒருக்கா மடியில ஒக்கார வச்சிட்டா அப்பறம் அவன்தான்கா. வயசுக்கு வந்தாலும் அவன், கல்யாணம்னாலும் அவன். நான் பந்தல்ல ஓரமா நிக்கணும்.

இரு, குழாயப் பாக்கறேன்... எரியுது. பகல்ல இந்தத் தீ கண்ணுக்கே தெரியாது, பேப்பரக் காட்டித்தான் பாக்கணும்... எங்க போறது நானு?

ஆசாரி வந்துட்டாரா... பத்தரை வரைக்கும் நேரம் இருக்குதேக்கா. கொஞ்சம் நிக்கச் சொல்லு. சர்ச்சாண்ட யாருக்காவது போன் பண்ணி ஆரோக்கியராஜப் புடிக்கறேன்... அக்கா?

என்னா, மேளம் கேக்குது?... பாப்பா எதுக்கு அழுவுறா?

அக்கா... அவ யாரு மடியில இருக்கா?