விழிப்புணர்வு வாரத்தின் மூன்றாம் நாள்

சுவரொட்டியை யாரும் நின்று படிப்பதில்லை, மேடம். நூலக வாசலில் ஒட்டினாலும் சரி, கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாலும் சரி. மூன்று வருடம் ஒட்டிப் பார்த்தவள் சொல்கிறேன். உங்கள் ஸ்டேஷன் சுவரிலும் ஹெல்மெட் பற்றி ஒன்று தொங்குகிறது. நான் இங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கல்லூரி முதலுதவி மன்றத்துக்கு நான்தான் தலைவி. மருந்தியல், கடைசி வருடம். இந்த முறை வலிப்பு நோய்க்கு ஒரு விழிப்புணர்வு வாரம் நடத்தலாம் என்று சொன்னதும் நான்தான். வலிப்பு வந்தவருக்குச் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. இந்த நாலு வரியைப் படிக்கத்தான் இரண்டாயிரம் பேருக்கு நேரமில்லை.

முன்னோட்டமாக ஒரு டாக்டரை அழைத்துப் பேச வைத்தோம். அரங்கில் முன்னூறு நாற்காலி. வந்தவர்கள் பதினான்கு பேர், அதிலும் பாதிப் பேர் வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். டாக்டர் நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மன்றத்தைக் கவனிக்கும் பேராசிரியர் முதுகில் தட்டி, "விடும்மா, போட்டோ எடுத்தாச்சுல்ல? ரிப்போர்ட்டுக்கு அது போதும்" என்றார். நான் ரிப்போர்ட்டுக்காக வேலை செய்கிறவள் இல்லை.

என் அறையில் இருந்தவளை விடுதியே ரேடியோ என்றுதான் கூப்பிடும். இரண்டாம் வருடம், புள்ளியியல். பல் துலக்கும்போதும் அவள் வாய் மூடாது. அவளுக்கு வலிப்பு நோய் உண்டு என்பது கல்லூரியில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று நான், இன்னொருவர் மருத்துவ அறை நர்ஸ். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. மூன்று வருடமாக ஒரு தடவைகூட வந்ததில்லை. முதலில் அவளை மேடையேறிப் பேசத்தான் கூப்பிட்டேன்.

"அது மட்டும் வேணாங்க்கா. இப்ப என்னைப் பார்த்தா, ஐயோ வந்துட்டாடான்னு ஓடுறாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு. தெரிஞ்சுடுச்சுன்னா, அடப் பாவமேன்னு பார்ப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. இவ்வளவு பேசுகிறவளே இதை மறைக்கிறாள் என்றால், தப்பு அவள்மேல் இல்லை, சுற்றி இருப்பவர்கள்மேல். காதால் கேட்க மாட்டேன் என்கிறவர்களுக்குக் கண்ணால்தான் காட்ட வேண்டும்.

வாரம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய புட்டியில் இருந்த மாத்திரைகளை எடுத்துவிட்டுச் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். அதே அளவு, அதே வெள்ளை. அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். ஏற்பாடு இல்லாமல் நான் எதையும் செய்ததில்லை. நூலக வராந்தாவில் மேசை போட்டோம். பக்கத்தில் மெத்தை, இரண்டு தலையணை, பயிற்சி பெற்ற ஆறு பேர். அதைவிடப் பத்திரமான இடம் அந்தக் கல்லூரியில் கிடையாது. "தனியா உட்கார போரடிக்குது, கூட இரு" என்று அவளை அங்கேயே உட்கார வைத்தேன். திங்களும் செவ்வாயும் போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுத்து, எங்கள் சுவரொட்டிகளைவிட அதிகம் பேரை மேசைக்குக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை காலையில் மேசையை விட்டு எழுந்தாள். "தலை என்னமோ மாதிரி இருக்குக்கா. ரெக்கார்ட் நோட்டுல மட்டும் கையெழுத்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

"அப்புறம் வாங்கிக்கலாம். இங்கேயே உட்காரு."

"ரெண்டாவது மாடிதானே? அஞ்சே நிமிஷம்."

போனாள். அது அவளாக எடுத்த முடிவு. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

இறங்கி வரும்போது படிக்கட்டின் திருப்பத்தில் விழுந்தாள். பின்மண்டை படியில் அடித்தது. வகுப்பு மாறும் நேரம், முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவன் காலை அமுக்கிப் பிடித்தான். ஒருத்தி பற்களுக்கு நடுவே பேனாவைத் திணித்தாள். இன்னொருவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினான். எங்கள் சுவரொட்டி அவர்கள் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். பிறகு இல்லை. கொன்றது யார் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்த முப்பது பேரிடமும் கேட்டீர்களா?

அவள் படிக்கட்டில் துடித்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் போனது. அடுத்த வாரம் அதே அரங்கில் உட்கார இடமில்லை. ஜன்னல் திட்டில்கூட ஏறி நின்றார்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்று நான் செய்து காட்டியபோது ஒருவர்கூடப் போனைப் பார்க்கவில்லை. முதல்வர் என் கையைப் பிடித்து, "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா" என்றார்.

அவளுடைய அம்மா சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தார். போர்வையை மடித்துக்கொண்டே, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்கிட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு வேளைகூட விடலம்மா" என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். புட்டியை நானே பையில் வைத்தேன். அதை அவர் நர்ஸிடம் கொண்டுபோய், ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏன் இப்படி ஆச்சு என்று கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. நர்ஸ் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரி. எங்கள் மன்றத்தில் இருந்திருக்க வேண்டியவர்.

மாற்றினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். வருத்தமா என்றால், இல்லை. இனி அந்தக் கல்லூரியில் யாருக்கு வலிப்பு வந்தாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

வீடியோவை எடுத்தது யார் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். நான்தான். அவள் பின்னாலேயே போனேன். எட்டுப் படி மேலே நின்றிருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் நான் இறங்கியிருந்தால், மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது தெரியாமலே போயிருக்கும். முழுசாக எடுத்தேன், இரண்டரை நிமிடம். போட்டுப் பாருங்கள், படம் ஓர் இடத்தில்கூட ஆடியிருக்காது. அவள்மேல் அக்கறை இல்லாதவளுக்கு அப்படிக் கை நிற்குமா, மேடம்?