வாசலில் நாற்பது வினாடி

மாலை ஏழு இருபது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை. இரண்டு பக்கமும் உப்பளம். நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு விளக்கு கிடையாது. காற்றில் சேறும் உப்பும் கலந்த வாடை...

அந்த இடத்தில்தான் காயத்ரியின் ஸ்கூட்டரை ஒரு லாரி தட்டியது. காயத்ரி என் நண்பன் பன்னீர்செல்வத்தின் தங்கை. கோவளத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. தினமும் ஏழு நாற்பதுக்குப் படூர் வீட்டு வாசலில் நிற்பாள். அன்று நிற்கவில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

"மச்சான், கேமராவுல மாட்ன பேய்னு சொன்னியே, அது இதானா?" கதை கேட்க எதிரே உட்கார்ந்திருக்கும் ரஞ்சித்குமார் கேட்கிறான். "எத்தினி மெகாபிக்சலு?"

சிரித்துக்கொள், ரஞ்சித். கரண்ட் வர நேரமாகும். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடல் சத்தத்தில் என் குரல் கேட்காது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நேரே கருங்குழிக்கு, அவள் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். படூர் வீடு ஆறாவது மாடி. லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்றார்கள். விளக்கு ஏற்றியது கருங்குழியில். பதினாறாம் நாள் காரியமும் அங்கேதான். ஆக, காலையில் படூரிலிருந்து கிளம்பியவள் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

முப்பதாம் நாள் பன்னீர் எனக்குப் போன் செய்தான். "மாப்ள தனியா கீறாரு. நீ போய் உக்காரு. உனக்குத்தான் தெரியும்."

என் மனைவி போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. போனேன்.

காயத்ரியின் கணவன் இனியன், நாவலூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். கழுத்தில் ஹெட்போன் தொங்கியபடியே கதவைத் திறந்தான். உள்ளே ஸ்டூல் மேல் ஒருவர் நின்றிருந்தார். கேமரா மாட்டும் ஏசுபாதம்.

விஷயம் இதுதான். அந்த வீட்டு ஹாலில் பேச்சுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கர் ஒன்று உண்டு. சொன்னால் விளக்குப் போடும், கதவுப் பூட்டைத் திறக்கும். வாசலுக்கு மேல் ஒரு கேமரா உண்டு. முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும். இரண்டும் வேறு வேறு கம்பெனி. காயத்ரி ஒரு வருஷமாகக் கேட்டிருக்கிறாள்: "ரெண்டு கையிலயும் பை இருக்கு. நான் வந்தா கேமரா அதுகிட்ட சொல்லட்டுமே." அவன் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்றிருக்கிறான். அவள் காலால் கதவைத் தட்டுவாள். டக்... டக் டக். அவன் காதில் ஹெட்போன் இருக்கும்.

"இன்னா சார் பண்றது," என்றார் ஏசுபாதம். "பக்கத்து பக்கத்து வூடு, ஆனா பேச்சுவார்த்த கெடையாது. நடுவுல இந்தப் பொட்டிய வெச்சா தூது போவும்."

"அவ கேட்டது. செஞ்சு வெச்சிடணும்," என்றான் இனியன். வேறொன்றும் வேண்டியிருந்தது அவனுக்கு. அவள் கடைசியாகக் கிளம்பிய காட்சி. கேமராவைப் பார்க்க வழி காயத்ரியின் போனில் மட்டும் இருந்தது. அது நொறுங்கிவிட்டது. கேமராவுக்குள்ளேயே ஒரு கார்டு இருப்பது ஏசுபாதம் சொல்லித்தான் தெரியும். அந்தக் கார்டு முப்பது நாள் தாங்கும். பிறகு பழையதை அழித்து எழுதும். விடிந்தால் அது போய்விடும்.

கார்டை லேப்டாப்பில் போட்டார்.

காலை எட்டு பன்னிரண்டு. காயத்ரி செருப்பு மாட்டுகிறாள். கதவுப் பக்கம் திரும்பி, "ஏங்க, போய்ட்டு வரேன்." பதில் இல்லை. "போய்ட்டு வரேங்க." காத்திருக்கிறாள். மூன்றாவது முறையும் சொல்கிறாள். பிறகு லிப்டு.

இனியன் அதை நான்கு முறை பார்த்தான். அதை நகல் எடுத்தாயிற்று. அதோடு முடிந்திருக்க வேண்டும்...

"சார்," என்றார் ஏசுபாதம். குரல் மாறியிருந்தது. "இதே மூஞ்சி இன்னும் கீது."

அன்று மாலை ஏழு நாற்பது. விபத்து நடந்து இருபது நிமிஷம். காயத்ரி வாசலில் நிற்கிறாள். இரண்டு கையிலும் துணிப்பை. தலை ஈரம். அந்தப் பைகள் அப்போது ஸ்கூட்டரோடு சாலையில் கிடந்தன. அடுத்த நாளிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில். காலால் கதவைத் தட்டுகிறாள். டக்... டக் டக். பதினோரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறாள்.

மறுநாளும் ஏழு நாற்பது. அதற்கு மறுநாளும். ஒரு நாள் விடவில்லை. நிற்கும் நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது நிமிஷம்... ஐந்து... நேற்று நாற்பது வினாடி.

"பதினேழாம் நாள்ல இருந்து நான் உள்ளதான இருந்தேன்," என்றான் இனியன். ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தான். "அண்ணே, இன்னிக்கே பேச வைங்க."

"வேணாம் சார். உட்று."

"அண்ணே, கால்ல விழறேன்."

விழுந்தான். ஏசுபாதம் வேகமாக வயரை மாட்டினார். கேமராவை இனியன் போனிலும் தெரிய வைத்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லையே. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

ஏழு முப்பத்தெட்டு. கேமரா தெரியும் போனை என் கையில் கொடுத்தான்.

ஏழு நாற்பது. ஸ்பீக்கர் வெள்ளைக்காரி உச்சரிப்பில் ஆங்கிலத்தில் சொன்னது. முன் வாசலில் காயத்ரி.

டக்... டக் டக்.

"ஓப்பன் த டோர்," என்றான். குரல் உடைந்தது. ஸ்பீக்கர் மன்னிப்புக் கேட்டது. புரியவில்லையாம். மறுபடி கத்தினான். மறுபடி புரியவில்லை. பதினைந்து வினாடி... இருபது... நான் எழுந்து கையால் பூட்டைத் திருகினேன்.

நடையில் யாரும் இல்லை. உப்பளத்துச் சேற்று வாடை மட்டும்.

"இருக்காளா? சொல்லுங்க, இருக்காளா?"

போனைப் பார்த்தேன். "இருக்காங்க. உங்க எதிர்லதான். ஒரு அடி."

கைகளை நீட்டினான். "உள்ள வாம்மா. வந்துடு."

திரையில் அவன் விரல்கள் அவள் தோளுக்குள் போய்விட்டு வந்தன. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பைகளைக் கீழே வைத்தாள். உதடு அசைந்தது. வாசலில் ஒரு சத்தமும் இல்லை. அரை வினாடி கழித்து, எங்கள் முதுகுக்குப் பின்னால், ஹாலில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது. எந்திரத்தின் குரல் இல்லை. அவளுடையது.

"போறேங்க."

அவ்வளவுதான். வரேன் என்பது அதில் இல்லை. திரையில் நடை காலியாக இருந்தது.

இனியன் அழவில்லை. கீழே பார்த்தான். நானும் பார்த்தேன். வாசற்படியில் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் மாத்திரை அட்டை, பால் பாக்கெட். மற்றதில் சிறுகீரை ஒரு கட்டு. ஒரு மாதத்துக் கீரை... வாடவில்லை. வேரில் ஒட்டிய மண் ஈரமாக இருந்தது.

அவன் உட்கார்ந்து அதை ஆய்ந்தான். அடுப்பில் வைத்தான். இரண்டு தட்டில் போட்டான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

உப்பு போட மறந்திருந்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாயில் வைத்தேன். கரித்தது.