வியாழக்கிழமை பத்து மணி வரை

கடைசி வருஷம் படிக்கிறவர்களிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை, மேடம். அடுத்து என்ன என்றுதான் கேட்பார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் நூலகர் கேட்பார். ப்ராஜெக்டை பைண்டிங் செய்யக் கொடுத்தால் கடைக்காரர் தாளைத் தட்டி அடுக்கிக்கொண்டே கேட்பார். வீட்டிலிருந்து போன் வந்தால் அண்ணி கேட்பாள். அவள் கேட்பதில் மட்டும், இங்கே வந்து உட்கார்ந்துவிடாதே என்பதும் சேர்ந்திருக்கும். நீங்களும் வந்தவுடன் அதைத்தான் கேட்டீர்கள், படிப்பு முடிந்துவிட்டதே, அடுத்து என்ன செய்வதாக இருந்தாய் என்று. அதற்குப் பதில் சொன்னாலே மற்றதெல்லாம் வந்துவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊரில் வேலைக்குப் போவதாக இருந்தோம். ஒரே அறை. ஜன்னல் பக்கக் கட்டில் யாருக்கு என்பதுகூட இரண்டாம் வருஷமே முடிவாகியிருந்தது. எனக்குத்தான். அவளுக்குக் காலை வெளிச்சம் தேவையில்லை, தானாகவே ஐந்து மணிக்கு எழுந்துவிடுவாள். விடுதியில் அவளுக்கு அலாரம் என்று பெயர். தேர்வு நாட்களில் மாடி முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவாள். எல்லாரும் திட்டுவார்கள். தட்டாத நாளில் ஏன் தட்டவில்லை என்று அதற்கும் திட்டுவார்கள்.

நாங்கள் படித்தது புள்ளியியல். ப்ராஜெக்டும் சேர்ந்துதான் செய்தோம், பேருந்து நிறுத்தத்தில் ஜனங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று. இருபத்திரண்டு நாள் வெயிலில் நின்று குறித்தோம். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவள் எழுதுவாள். பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்பவர்களிடம் அவளே போய்ப் பேச்சுக் கொடுப்பாள், பாவம் என்று. அப்படிச் செய்தால் கணக்கு கெட்டுவிடும் என்று நான் சொல்வேன். அவளுக்கு அதெல்லாம் ஏறாது.

முதலில் நான் செய்தது மிகச் சின்ன விஷயம். அவளிடம் கணினி கிடையாது. விண்ணப்பங்களை என் கணினியில்தான் அனுப்புவாள், கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும். பிப்ரவரி கடைசியில் அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் படித்துவிட்டு அழித்தேன். எனக்கு எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. ஒரு தாள் அரியர் வேறு இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேசியிருக்கும்போது ஒருத்தி மட்டும் முன்னால் ஓடுவது நியாயமில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்த இரண்டு வாரமும் அவள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். எனக்கு மட்டும் ஏன் யாருமே பதில் போட மாட்டேங்கிறாங்க என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், மூன்று வருஷத்தில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தது அந்த இரண்டு வாரந்தான்.

அவளுக்கு இரண்டாவதாக வந்த வாய்ப்பு என் கணினி வழியாக வரவில்லை. துறைத்தலைவர் அவளை நேரில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். கடிதமும் அவர் கையிலேயே வந்தது. ரயிலில் ஒரு இரவுப் பயணம். ஜூன் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. அந்த வரியை அவள் ஒருமுறை படித்தாள். நான் பலமுறை படித்தேன்.

அன்றைக்கு அவள் அறைக்குள் வந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி நின்றாள்.

"நான் முதல்ல போறேன்டி. ஒரு மாசத்துல ரூம் பாத்துட்டு உன்னைக் கூப்பிட்டுக்கிறேன். அரியரை அங்கருந்தே படிச்சு எழுதலாம்."

சரி என்றேன். போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், மேடம். சொல்லும்போது மனதாரத்தான் சொல்வார்கள். பிறகு அங்கே வேறு ஒருத்தி கிடைப்பாள். இந்தப் பக்கம் முதலில் தினம் போன் வரும், அப்புறம் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் பிறந்த நாளுக்கு. நான் போக வேண்டியது அண்ணன் வீட்டுக்கு. கூடத்தில் பிள்ளைகளோடு பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, காலையில் அண்ணி எழுவதற்கு முன்னால் பாயைச் சுருட்ட வேண்டும். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

அவள் சேர வேண்டிய அந்த வாரம், திங்கட்கிழமையே விடுதி ஏறக்குறைய காலி. தேர்வு முடிந்து, வாய்மொழித் தேர்வும் சனிக்கிழமை முடிந்திருந்தது. எங்கள் மாடியில் நாங்கள் மட்டும்தான். அவளுக்குப் புதன்கிழமை மாலை ரயில். என்னை அழைத்துப் போக அண்ணன் சனிக்கிழமை வருவதாக இருந்தது. காலையில் அவள் எழவில்லை. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். ரொட்டி கொடுத்தேன், வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. காலை நீட்டவே முடியவில்லை, முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள்.

என் போனில் நீங்கள் பார்த்தது உண்மைதான். திங்கட்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு நான் அதைத் தேடிப் படித்தேன். குடல்வால் வீக்கமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சின்ன அறுவைச் சிகிச்சைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. விட்டால் வெடிக்கும் என்றும், வெடிக்கும்போது வலி சட்டென்று நின்றுபோகலாம், அதை நல்லதென்று நினைத்துவிடக் கூடாது என்றும் இருந்தது. தெளிவாக எழுதியிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன்.

அன்றே கூட்டிப் போயிருந்தால் அறுவை முடிந்திருக்கும். நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். துறைத்தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனம் தேதியைத் தள்ளிவைத்திருக்கும். இதையும் நான் அப்போதே யோசித்தேன். யோசிக்காமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

சூட்டு வலிதான், பரீட்சைக் கண்விழிப்பு என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள். வலி மாத்திரை கொடுத்தேன், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. வெந்நீர்ப் பை வைத்தேன். வாளியைக் கழுவி வைத்தேன், விரிப்பை மாற்றினேன், தலை பின்னிவிட்டேன். எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, தளம் துடைக்கும் அக்கா வந்தாள். விடுதி வேலைக்காரர்களில் அவள் ஒருத்திதான் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். துடைப்பத்தைக் கதவில் சாய்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த அலாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது கண்ணு?"

அவள் கையை வைத்துக் காட்டினாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என் தங்கச்சி மகனுக்கு இப்படித்தான் வந்துச்சு. இதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதும்மா."

"நேத்தே காட்டியாச்சுக்கா. மாத்திரை குடுத்திருக்காங்க," என்றேன்.

 அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அவளை விசாரிப்பதாக இருந்தால் அவள்மேல் தப்பில்லை என்று நானே சொல்கிறேன். அவள் போன பிறகு நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சாப்பாடு வாங்க மட்டும் வெளியே போய் வந்தேன், அப்போது வெளிப்பக்கம் பூட்டினேன். வார்டனிடம், அவள் பெட்டி கட்டுகிற மும்முரத்தில் இருக்கிறாள் என்றேன்.

டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி அலாரம் ஒருமுறை கேட்டாள். அப்படிக் கேட்டாளா என்று நீங்கள் கேட்டதற்கு நேற்று இல்லை என்றேன். கேட்டாள். செவ்வாய் சாயங்காலம்.

"டாக்டர்ட்ட போயிடலாமாடி? எனக்குப் பயமா இருக்கு."

"இப்பப் போனா அட்மிட் பண்ணிடுவாங்க. நாளைக்கு ட்ரெயின் போயிடும். வேலை வேணுமா வேணாமா?"

 அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவளுடைய போன் என் பையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் அம்மா நான்கு முறை கூப்பிட்டார். ஐந்தாவது தடவை எடுத்தேன்.

"அவகிட்டக் குடும்மா."

"தூங்குறாம்மா. ரெண்டு நாளா ஓடி ஓடி வேலை பாத்தா, அசதி."

"கூட நீ இருக்கியே, அது போதும்மா எனக்கு," என்றார்.

பேசி முடித்ததும் அதை அணைத்துவிட்டேன்.

புதன்கிழமை பன்னிரண்டு மணி இருக்கும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வலி நின்னுடுச்சுடி. ட்ரெயினைப் பிடிச்சிடலாம். அந்தப் பச்சைப் பையை எடு."

வலி நின்றது எதனால் என்று எனக்குத் தெரியும். நான் பையை எடுத்துக் கொடுத்தேன். சீப்பை வைத்தாள், சான்றிதழ் உறையை வைத்தாள், ஒரு துண்டை மடிக்கப் பார்த்தாள், மடிப்பு வரவில்லை. நேரம் இருக்கிறது, கொஞ்சம் படு, நான் எழுப்புகிறேன் என்றேன். படுத்தாள். நான்கு மணிக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. வயிறு பலகை மாதிரி இருந்தது, தொட விடவில்லை. ரயில் போகிற நேரத்தில் அவளுக்கு நினைவு தெளிந்து, மணி என்ன என்று கேட்டாள். அவர்களிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் போதுமாம் என்று சொன்னேன். அந்தப் பொய்யை நான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் கொதித்தது.

வியாழக்கிழமை காலை என் கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. அவள் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள், பேருந்து எண்களைச் சொன்னாள். பத்து மணி ஆகி ஐந்து நிமிஷம் கழித்து நான் கீழே இறங்கிப் போய் வார்டனிடம், அவளுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை என்றேன். வார்டன் வந்து பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. பத்து மணிக்கு மேல் நான் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. அது பதிவில் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். கையுறை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இன்னைக்குக் காலைலதான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். காலையில் ஆரம்பித்த வலி என்று வைத்துக்கொண்டு வேறு எதையெல்லாமோ சோதித்ததில் நான்கு மணி நேரம் போனது என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். திங்கட்கிழமை என்று சொன்னால் மூன்று நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்து கேட்பார். அதற்கு அந்த இடத்தில் பதில் சொல்ல முடியாது. இவ்வளவு நேரம் எடுத்து உங்களுக்கே இப்போதுதான் சொல்ல முடிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் அம்மா வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை கூட இருந்தியே தாயி என்று அழுதார். நான் அதை மறுக்கவில்லை.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்று எழுதச் சொல்லி எனக்காக வந்த வக்கீல் சொன்னார். அது சரியாக இருக்காது. வியாழக்கிழமை தாண்டட்டும் என்று நினைத்தேன். தாண்டுவதற்குள் செத்துப்போகலாம் என்றும் தெரிந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், போகட்டும் என்று விட்டேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு நிறையத் தோழிகள் இருந்தார்கள், துறைத்தலைவர் இருந்தார், பெற்ற அம்மா இருந்தார். ஆனால் அந்த மூன்று நாளும், மேடம், அவள் என்னைத் தவிர வேறு யாரையுமே கூப்பிடவில்லை.