நாற்பத்தோரு விடுமுறைகள்

வாரத்தில் ஐந்து நாட்கள், மாலை நான்கு மணிக்குக் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது என் வழக்கம். டஸ்டரால் துடைத்தால் நேற்றைய எண் மங்கலாகத் தெரியும். படிப்பவருக்குக் குழப்பம் வரும். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற குருமூர்த்தியாகிய நான், ஓசூரில் நம் குடியிருப்புப் பூங்காவில் அந்தப் பலகையை ஒன்றரை ஆண்டுகளாக எழுதிவந்தேன். அதைப் பற்றிச் சங்கத்தார் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது முறைதான்.

நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்து அளக்கும் நிஃப்டி குறியீடு அன்று எத்தனை விழுக்காடு ஏறியது, இறங்கியது என்று எழுதுவேன். மாதக் கடைசியில் இன்னும் இரண்டு எண்கள். சராசரி, குறியீடு எப்படி ஓடியது என்று சொல்லும். திட்ட விலக்கம், அந்தச் சராசரியை விட்டு நாள்தோறும் எவ்வளவு துள்ளியது என்று சொல்லும். ஆபத்தின் அளவு அதுவே. பத்துப் பெரியவர்கள் கூடுவார்கள். பெரும்பாலோருக்குச் சந்தையில் ஒரு ரூபாயும் கிடையாது. சுண்டலும் கேலியுமே அவர்கள் போட்ட முதல்.

அழகர்சாமி மட்டும் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே முப்பது ஆண்டுகள் லேத் ஓட்டியவர். செல்பேசி எழுத்து அவர் கண்ணுக்கு எட்டாது. "வாத்தியார் எழுதுனா கடைசி பெஞ்சுக்கும் தெரியும்" என்பார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ஒரு நாள் குறியீடு ஒன்றரை விழுக்காடு இறங்கியது என்று எழுதினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர் சந்தையில் போட்டிருந்தது ஐயாயிரம் ரூபாய். நெஞ்சில் வந்தது வாயு என்று பிறகு தெரிந்தது.

அடுத்த முறை அப்படி இறங்கியபோது, "இன்று சந்தை விடுமுறை" என்று எழுதினேன்.

இதில் எனக்குப் பழக்கம் உண்டு. என் பள்ளி சானமாவுக் காட்டை ஒட்டியது. யானைகள் இறங்கினால் விடுமுறை விடுவேன். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், யானைகள் போய்விடும், ஒருவருக்கும் கெடுதி இல்லை. சந்தைக்கும் அதையே செய்தேன். சிறிய இறக்கங்களை எழுதினேன். ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் மட்டும் விடுமுறை. எதிலும் ஒரு வரையறை வேண்டும் அல்லவா?

"என்ன சார், இவய்ங்களுக்கு வாராவாரம் லீவா இருக்கு? எப்பத்தான் யாவாரம் பாப்பாய்ங்க?" என்று கேட்டார் அழகர்சாமி.

"வடக்கே பண்டிகை அதிகம்" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா லேத்த விட்டுட்டு அங்கயே சேந்திருப்பேனே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரிய இறக்கங்களை நீக்கிவிட்டால் திட்ட விலக்கம் அழகாகச் சுருங்கும். மாதந்தோறும் சுருங்கியது. அதைப் பார்த்து அழகர்சாமி கேட்டார்: "ஒரு வருசத்துக்குப் போட்டா அடி விழுகுமா, விழுகாதா? அத மட்டும் சொல்லுங்க சார்." நான் பலகையைக் காட்டினேன். பலகையில் இருந்ததைத்தான் சொன்னேன். அவர் மனைவி தங்கமணி அம்மாவின் இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்றுவதற்கு வைத்திருந்த ஐந்து லட்சத்தை, நிஃப்டியோடு சேர்ந்தே ஏறி இறங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டார்.

ஓர் ஆண்டு கழித்து எடுக்கப் போனபோது நான்கு லட்சம் இருந்தது. கடன் வாங்கிப் பழகாத மனிதர். ஒரு மூட்டை மட்டும் மாற்றினார்கள், வலது மூட்டை. அம்மா இப்போது இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறார். வங்கிக்காரர்கள் ஏதோ பிடித்துக்கொண்டார்கள் என்று அழகர்சாமி நினைத்தார். நான் மறுக்கவில்லை. நோயாளி வீட்டில் வாதம் செய்யலாகாது.

கண்டுபிடித்தது அவர்கள் மருமகள் வினிதா. ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மாமியாரைப் பூங்காவுக்கு அழைத்துவந்தவள், பலகையை வெகுநேரம் பார்த்தாள்.

"சார், எங்க கம்பெனில ஒரு மெஷின் இவ்ளோ கரெக்டா ஓடுச்சுன்னா, மொதல்ல ரீடிங் எழுதினவரத்தான் கூப்பிட்டுக் கேப்போம்."

பிறகு, நான் எழுதிய விடுமுறைகளை மாமனார் குறித்துவந்த காலண்டரின் படத்தைச் செல்பேசியில் எடுத்து, சந்தையின் பட்டியலோடு ஒப்பிட்டாள். "மார்க்கெட் விட்ட லீவு போக, நீங்க தனியா நாப்பத்தோரு நாள் விட்டிருக்கீங்க."

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெறும் மன்னிப்பு வறண்டிருக்கும் என்று ஒரு கதை சொன்னேன். வயல் எலி ஒன்று, பாம்பு வந்த நாட்களையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, "இந்த வயலில் ஆபத்தே இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று மற்ற எலிகளிடம் சொன்னதாம். அவை கவலைப்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

அழகர்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கமணி அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அந்த எலி எங்க வாத்தியாரய்யா படுத்துச்சு?"

அது கதையில் வரவில்லை என்றேன்.

இடது மூட்டுக்கான முழுச் செலவுக்கும் காசோலை எழுதி வைத்தேன். அம்மா அதை வினிதாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வாங்கிக்கிறோம். ஆனா அந்த நாப்பத்தோரு நாளும் பலகையில வரணும். எல்லாரும் இருக்கும்போது."

நேற்று நான்கு மணிக்குப் பலகையைத் துடைத்தேன். தேதியையும் இறக்கத்தையும் சிவப்புச் சாக்பீஸால் ஒவ்வொன்றாக எழுதினேன். பத்துப் பேரும் இருந்தார்கள். ஒருவரும் சுண்டலைத் தொடவில்லை. முடித்துவிட்டுக் கையைத் தட்டினேன்.

தங்கமணி அம்மா நாற்காலியிலிருந்தே விரல் விட்டு எண்ணினார். "நாப்பதுதான் இருக்கு வாத்தியாரய்யா. எலி படுத்த எடத்தக் காணமே."

வேண்டுமென்று விட்டதில்லை. பதினேழாவது விடுமுறை, என் சொந்த விஷயம் கலந்தது என்பதால் பொதுப்பலகைக்கு உரியதல்ல என்று கருதினேன். வீட்டில் எனக்கென்று ஒரு நோட்டு உண்டு. அதில் எல்லா நாட்களும் இருந்தன, திட்ட விலக்கமும் உள்ளபடி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று காலை, என் ஒன்பது லட்சத்தையும் ஃபண்டிலிருந்து எடுக்க எழுதிக்கொடுத்தேன். பிறகு அதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டேன். அன்று மாலை நான்கு மணிக்கு வந்து, "விடுமுறை" என்று எழுதினேன். அதே ஃபண்டில் அழகர்சாமியின் ஐந்து லட்சம் அப்போது முழுதாகத்தான் இருந்தது.

சாக்பீஸை மறுபடி எடுத்து அந்தத் தேதியை எழுதினேன். எதிரே, "அன்று என் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினேன்.

அழகர்சாமி எழுந்து பலகையருகே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த வரி மட்டும் பொடிசா இருக்கே சார். கடைசி பெஞ்சுக்குத் தெரியாதே."

ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்.