காத்து நின்ற புரோகிராம்

பெங்களூரு ஹெப்பாளிலிருந்து மாலையில் கிளம்பிய பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அலுவலக அட்டை தொங்க இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"அது தூங்கவே இல்லைங்க்கா. காத்துக்கிட்டு நின்னிருக்குது!"

"எது?"

"என் புரோகிராமுங்க்கா. மெஷின் அப்பப்ப நின்னு போறதுக்கு அதுதான் காரணம்னு மூணு வாரமா என்னையே குத்தம் சொன்னாங்கல்ல?"

"மெஷினுக்குள்ள நடக்கறதப் பதிவு பண்ற கர்னல் ட்ரேஸ்ல ஒண்ணும் தெரியலைன்னியே?"

"மெஷின் நிக்கற நேரம் மட்டும் ட்ரேஸ் திரை காலியா இருந்துச்சுங்க்கா. அதப் பாத்துட்டு, என் புரோகிராம் தூங்குதுன்னுட்டாங்க. இன்னிக்குத்தான் புரிஞ்சுது. பதிவச் சேத்து வெக்கற எடம், அந்த பஃபர், சின்னது; நிரம்பிப் போயி அந்த நேரமே பதிவாகல. பெருசாக்கி மறுபடி ஓட்டுனேன். கேமராவ இயக்கறதுக்கு எழுதுன டிரைவர் புரோகிராம், ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் வெச்சுக்கற 'லாக்'கைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. என்னுது அதுக்காகக் காத்து நிக்குது."

"அந்த டிரைவர எழுதினது யாரு?"

"எங்க மேனேஜருங்க்கா."

"ஹௌதா, அப்படியா! என்ன சொன்னாரு?"

"ட்ரேஸ அவரே இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தாரு. அப்புறம் டீம் மொத்தத்தையும் கூப்பிட்டு, 'தப்பு நந்து', தப்பு என்னுதுன்னு கன்னடத்துல சொன்னாரு. கண்டுபிடிச்சது நான்னும் சொன்னாரு."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சரிபண்ற வேலையையும் எனக்கே குடுத்துட்டாருங்க்கா. நாளைக்கு அவரு எழுதுன புரோகிராம் கோட்ல நான் கை வெக்கப் போறேன்!"