செம்பி உட்கார்ந்த இடம்

சற்று முன்பு வாசலில் படுத்திருந்த நாய்க்குத் தாங்கள் கோழி எலும்பு போட்டதைக் கவனித்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. தவறாக எண்ணாதீர்கள்; நல்ல மனத்துடன்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் கோழி எலும்பு உடையும்போது ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையில் ஏறிவிடும். ஆட்டின் முழங்கால் எலும்பு என்றால் பாதகமில்லை. கண்டும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பொறுத்தருள வேண்டும்.

என் பெயர் தம்பிராஜா. புக்கிட் பெலண்டோக்கிற்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். என் வீட்டு அடுப்பில் மாமிசம் ஏறியதில்லை. நாய்களுக்கு வேண்டியதைச் சமைக்க, கொல்லைப்புறத்தில் தனியாக ஓர் அடுப்பு போட்டிருக்கிறேன். தாங்கள் அழைக்காமலேயே நான் இங்கு வந்திருப்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சந்திரன் என்ற இளைஞனைப் பற்றி நான் முன்பு கூறிய சாட்சியத்தில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகவே வந்தேன். வரிசையாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

என் மைத்துனி சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம், தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் கொட்டடியைக் கடந்துதான் போக வேண்டும். கேட்பாரற்ற நாய்களைச் சில நாள் வைத்திருந்து சுட்டுவிடுவார்கள். கம்பிக்கு உள்ளிருந்து அவை பார்க்கும் பார்வையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்களோ, தெரியவில்லை. குற்றம் செய்யாத உயிர் தண்டனைக்குக் காத்திருப்பதைக் காண்பது மிகவும் வேதனையானது.

அந்தச் சமயத்தில்தான் அவசரகாலச் சட்டத்தின் அரிசிக் கட்டுப்பாடு எங்கள் தோட்டத்திற்கும் வந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு மணி அரிசியும் போகக் கூடாது என்பதற்காக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அரிசி வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. அரிசி முழுவதும் ஸ்டோரில் பூட்டப்பட்டது. பொதுச் சமையலறையில் பொங்கி, சோறாகத்தான் எல்லோருக்கும் பங்கிட்டோம். சோறு மறுநாளே புளித்துவிடும் அல்லவா. ஸ்டோர்ச் சாவி என்னிடம் இருந்தது. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களை, முள்கம்பி வேலியின் கேட்டில் காவலர்கள் தடவிப் பார்த்து வெளியே விட்டார்கள்.

அரிசியை மோப்பம் பிடிக்கச் சீமை நாய்களைக் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவை நம் வெயிலையும் உண்ணியையும் தாங்குவதில்லை. கொட்டடி நாய்களை எனக்குக் கொடுத்தால் நான் பழக்கித் தருகிறேன் என்று வெள்ளைக்காரப் போலீஸ் துரையிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டேன். துரை சிரித்தார், ஆனாலும் சம்மதித்தார். நான்கு நாய்களை அழைத்துவந்தேன். அவற்றில் ஒன்றுதான் செம்பி.

பழக்குவதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. பச்சை அரிசியைத் துணியில் முடிந்து ஒளித்துவைக்க வேண்டும். நாய் கண்டுபிடித்ததும் அதன் எதிரே உட்காரச் செய்து, ஒரு நெத்திலி கொடுக்க வேண்டும். குரைக்க விடக் கூடாது. பாய விடக் கூடாது. தொடக்கத்தில் செம்பி எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தாள். தோட்டத்தில் சோறு மணக்காத மனிதர் யார் இருக்கிறார்? சோற்றின் மணம் வேறு, அரிசியின் மணம் வேறு என்று அவளுக்கு விளங்கவைக்கத்தான் நாள் பிடித்தது. விளங்கிய பிறகு அவள் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதைத் தாங்கள் அவசியம் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

எனக்கு நேர்ந்த சங்கடம் வேறு. எங்கள் தோட்டத்து மக்கள் எவரும் அரிசி கடத்தவில்லை. அவர்களுக்குச் சாதகமாகவே இதைச் சொல்கிறேன். காலைதோறும் நாய்களைக் கேட்டில் நிறுத்துவேன். ஆட்கள் வாளிகளுடன் வரிசையாகக் கடந்து போவார்கள். நாய்கள் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பாஞ்சாலை என்று ஒரு பெண், கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவள்.

“மெதுவா நடங்கடி, போலீசு நாய் தூங்குது, முழிச்சிக்கப் போவுது,” என்பாள். ஒருநாள் என்னிடமே கேட்டாள்: “ஏங்க கிராணி ஐயா, இது அரிசி மோந்து பாக்குற நாயா, நெத்திலி தின்னுற நாயா? நல்லா பாத்து சொல்லுங்க லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்காக நான் வருந்தவில்லை. ஆனால் போலீஸ் துரையும் அதே கருத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை வந்து கடைசியாக ஒருமுறை பார்ப்பதாகவும், அன்றும் நாய்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் நான்கையும் பழைய கொட்டடிக்கே அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அனுப்பினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியும். திருடரே இல்லாத இடத்தில் தன் திறமையை ஒரு நாய் எப்படித்தான் நிரூபிக்கும்? நேர்மையானவர்கள் நடுவில் வாழ நேர்ந்ததற்காக ஓர் உயிர் சாக வேண்டுமா? தாங்களே யோசித்துப் பாருங்கள்.

வியாழக்கிழமை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மணியம் என்ற முதியவர் காய்ச்சலில் காலமானார். மறுநாள் காலை அவருடைய மனைவி முத்தாயி அம்மாள் ஆபீஸ் பின்படியில் வந்து நின்றார்.

“ஐயா, ஒரு புடி பச்சரிசி வேணுங்க.”

“எதற்கு அம்மா?”

“வாய்க்கரிசிக்குங்க. வூட்டுல பொம்பளைங்க சோத்துப் பருக்கையத்தான் வாயில வச்சோம். காட்டுலயாவது மவன் கையால அரிசி போடணும் இல்லீங்களா? இல்லாட்டி அந்த மனுசன் பசியோடல்ல போவாரு.”

இடுகாடு வேலிக்கு வெளியே, ஓடைக்கு அப்பால் இருக்கிறது. அரிசி கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டோரைத் திறந்தேன். இறந்தவருக்குச் செய்யும் கடமையின் அருமை எனக்குத் தெரியாததல்ல. என் தந்தையாருக்கு நானே வாய்க்கரிசி இட்டவன். எனவே நான் அரிசி கொடுத்தது இரக்கத்தினால்தான். அதில் ஐயம் வேண்டாம்.

ஒரு பிடிதான் கேட்டார். நான் ஒரு பால் டின் நிறைய அளந்து கொடுத்தேன். மழைக்காலம், ஐயா. ஈரக்காற்றில் மணம் அமுங்கிவிடும். ஒரு பிடியை நம்பி செம்பியை நிறுத்த எனக்குத் துணிவில்லை.

“இம்புட்டு எதுக்குங்க?” என்றார்.

“சொந்தக்காரர் எல்லோரும் போட வேண்டாமா? நனையாமல் இருக்கட்டும். மகனிடம் கொடுத்து, இடுப்பில் வேட்டிக்கு உள்ளே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.”

“கேட்டுல ஏதும் சொல்லுவாங்களா?”

“நான் சொல்லிவிடுகிறேன் அம்மா.”

“ஐயா சொன்னா போதுங்க,” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மக்கள் அப்படித்தான். பாஸ் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்கத் தோன்றாது. கிராணி சொல்லிவிட்டால் அதுவே அவர்களுக்குச் சட்டம். கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

சாவு ஊர்வலத்தை எங்கள் காவலர்கள் சோதிப்பதில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தப்பு அடித்துக்கொண்டு வந்தார்கள். இறந்தவரின் மகன் சந்திரன் நீர்க்குடத்துடன் முன்னால் வந்தான். போலீஸ் துரை மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். சோதனை விதி அனைவருக்கும் ஒன்றுதானே என்று அவரிடம் நான் மிகத் தாழ்மையுடன் நினைவூட்டினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

செம்பி நேராகச் சந்திரனிடம் போய் உட்கார்ந்தாள். இத்தனை தப்புச் சத்தத்திலும் அவள் காதுகூட ஆடவில்லை. அத்தனை அழகாக அவள் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காவலர்கள் அவன் வேட்டிக்குள்ளிருந்து அரிசியை எடுத்தார்கள். வாய்க்கரிசிக்கு இவ்வளவு அரிசியா, அதையும் ஏன் ஒளித்துக் கட்ட வேண்டும் என்று துரை கேட்டார். அது நியாயமான கேள்வி. சந்திரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“கிராணி ஐயாதாங்க குடுத்தாரு. ஐயா, சொல்லுங்கய்யா.”

துரை என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

சந்திரனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாடை கேட்டருகே மழையில் நனைந்துகொண்டிருந்தது. உடைக்க வேண்டியவன் இல்லாததால், நீர்க்குடத்தை யார் கையில் கொடுப்பதென்று தெரியாமல் சற்று நேரம் தடுமாறினார்கள். கடைசியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கம் வாங்கிக்கொண்டார். நான் செம்பிக்கு நெத்திலி கொடுத்தேன். உடனே கொடுக்காவிட்டால் பழக்கம் கெட்டுவிடும்.

என் மனைவி மீனலோசனி அன்று மாலையே பெட்டி கட்டினாள். “ஸ்டோரிலை நீங்கள் ஒரு டின் அரிசி அளந்ததை நான் பார்க்கேல்லை எண்டு நினைச்சியளோ? உந்த நாயளோடையே இருங்கோ. நான் ரஹாங்குக்குப் போறன்,” என்றாள். கோபத்தில் பேசுகிறவர்களிடம் நான் எதிர்வாதம் செய்வதில்லை.

முத்தாயி அம்மாள்தான் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். ‘ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?’ என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். அரிசி நான் கொடுத்தது என்று தெரிந்தால் என்னையும் அடைத்துவிடுவார்கள். நானும் உள்ளே போய்விட்டால் உங்கள் மகனை வெளியே கொண்டுவர இங்கிலீஷ் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்?  “நெசந்தாங்க,” என்று ஒப்புக்கொண்டார். மகனைக் காவல் முகாமில் பார்க்கப் போனபோது, கிராணி ஐயா பேரை இழுக்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். அவனும் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. விசாரணையில், அரிசி எங்கே கிடைத்தது என்று எத்தனை முறை கேட்டும் வாய் திறக்கவில்லை. கம்யூனிஸ்டுகளுக்குத்தான் கொண்டுபோனான் என்று முடிவு செய்ய அதுவே போதுமானதாக இருந்தது. நானும் என் பழைய சாட்சியத்தையே திரும்பச் சொன்னேன். இந்தியாவுக்கு நாடு கடத்த உத்தரவாயிற்று. அவன் பிறந்தது எங்கள் லயத்தில்தான். கப்பல் போய்ச் சேரும் நாகப்பட்டினம் எந்தப் பக்கம் என்றும் அவனுக்குத் தெரியாது.

இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அதையும் யோசித்துத்தான் செய்தேன். அப்போது சொல்லியிருந்தால், செம்பி பிடித்தது செல்லாது என்று ஆகியிருக்கும். நான்கும் கொட்டடிக்குப் போயிருக்கும். போன வாரம் நான்கையும் போலீசில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டு உத்தரவு வந்துவிட்டது. பழக்கும் பொறுப்பும் இருப்பிடமும் என்னிடமே. சந்திரனை ஏற்றிய கப்பலும் முந்தாநாள் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து புறப்பட்டுவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். இனி உண்மையைச் சொல்வதால் யாருக்கும் சிரமமில்லை. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு பூசைக்கு உட்காரவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே பதிவு செய்துகொள்ளுங்கள்: அரிசியைக் கொடுத்தது நான், அதை ஒளித்துக் கட்டச் சொன்னது நான், ஊர்வலத்தைச் சோதிக்கத் தூண்டியதும் நானே. சந்திரன் குற்றமற்றவன். செம்பியும் குற்றமற்றவள், அரிசி இருந்த இடத்தில்தான் அவள் உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். முத்தாயி அம்மாளை வேலையின்றி விடக் கூடாதென்று, நாய்களுக்குச் சமைத்துப் போடும் வேலையை நானே துரையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலையில் என்னைக் கண்டதும், “மவன் எப்பங்க வருவான்?” என்று கேட்பார். சீக்கிரம் என்பேன். கப்பல் போன செய்தி அவருக்குத் தெரியாது. தாங்களும் இன்று சொல்லிவிட வேண்டாம். அவர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டால் நாய்களுக்குச் சோறு வைக்க ஆளிருக்காது. குற்றம் செய்யாத உயிர்கள் பட்டினி கிடப்பதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஐயா.